தட்சணாமூர்த்தியின் ஆஸ்பராகஸ் பாத்தி

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. இவர்கள் தின்பதற்காகத் தோட்டம் போடுவதில்லை, சொல்வதற்காகப் போடுகிறவர்கள். செடியில் இரண்டு இலை விடுவதற்குள் இவர்கள் வாயில் இருபது இலை விட்டிருக்கும். உங்கள் வெண்டைக்காயைப் பார்த்து "ஹைப்ரிட்டா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். உரம் போட்டேன் என்றால் சிரிப்பார்கள். போடவில்லை என்றாலும் சிரிப்பார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இல்லாமலா இருப்பார்? மரக்காணத்தில் அவர் பெயர் தட்சணாமூர்த்தி. அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் யுவராணி.

தட்சணாமூர்த்திக்கு ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் மேற்பார்வை வேலை. 2004 தை மாதம் ஒரு மத்தியானம், அங்கே வெண்ணெயில் வதக்கிய, ஆஸ்பராகஸ் என்கிற சீமைக் காய்கறியின் குருத்து இரண்டு தின்றார். இரண்டே இரண்டு. அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே நிபுணராகியிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பன்னிரண்டு வேர்க்கட்டைகள், கக்கத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம்.

உப்பளத்தை ஒட்டிய ஊரில் மண்ணே கரிக்கும். யுவராணி நாலு கோடைக்கு ஏரி வண்டலைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டி, கொல்லையில் ஒரே ஒரு பாத்தியைக் கீரை முளைக்கிற மண்ணாக்கி வைத்திருந்தாள். தட்சணாமூர்த்தி மண்வெட்டியோடு நேராக அங்கேதான் போனார்.

"கீரைய எங்கங்க போடறது?"

"கீரைய யாரு வேணாலும் போடலாம். இது வச்சி மூணாம் வருஷந்தான் அறுப்பு. அப்புறம் இருவது வருஷத்துக்கு வந்துகினே இருக்கும்."

"மூணு வருஷம் கொழம்புக்கு என்னா பண்றது?"

இந்த இனம் கேள்விக்குப் பதில் சொல்லாது. புத்தகத்தைப் புரட்டும்.

புரட்டியதில் ஒரு வரி அகப்பட்டது: இந்தச் செடி உப்பைத் தாங்கும், களை சாக உப்புத் தூவலாம். தட்சணாமூர்த்தி ஒரு பக்கெட் கல்லுப்போடு கொல்லைக்குப் போனார். உப்பளத்தில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அஞ்சம்மாள் வேலியோரம் நின்று சற்று நேரம் பார்த்தாள்.

"ஏந்தம்பி, நாங்க பாத்தியிலேருந்து உப்ப வார்றோம். நீ பாத்தியில கொட்டறியா?"

"இது சயின்ஸும்மா. உங்களுக்குப் புரியாது."

அஞ்சம்மாள் யுவராணியைப் பார்த்தாள். யுவராணி உள்ளே போய்விட்டாள். நாலு கோடைச் சுமை அந்த ஒரு பக்கெட்டில் கரைந்ததை நின்று பார்க்க அவளால் முடியவில்லை. 

அந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் ஏறியது. அதே ஊர் விவசாயி ஆதிமூலத்தின் முக்கால் ஏக்கர் உப்புத் தண்ணீரில் ஊறிப் பாழாயிற்று. அடுத்த கோடையில், நிலம் கெட்டவர்கள் எல்லாரும் கூடி இனி என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் நம் ஆள் எழுந்து நின்றார். அரை மணி நேரம் பேசினார். உப்பு நிலத்துக்கென்றே பிறந்த பயிர் ஒன்று தன் கொல்லையில் இருக்கிறதென்றும், வெளிநாட்டுக்காரன் அதற்காக உயிரை விடுகிறான் என்றும் சொன்னார். அப்போது பன்னிரண்டில் ஏழு கட்டை மக்கிப் போயிருந்தது. அதைச் சொன்னாரா? சொல்வாரா?

"எனக்கு வேர் குடுப்பியாப்பா?" என்றார் ஆதிமூலம்.

"மொத அறுப்பு முடியட்டும். ஒங்களுக்குத்தான் மொதல்ல."

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. நிலத்து உப்பு கீழே இறங்கிற்று. பக்கத்து நிலத்துக்காரர்கள் மார்கழியில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை விதைத்தார்கள். ஆதிமூலம் மட்டும் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு, அந்த வெளிநாட்டு வேருக்காகக் காத்திருந்தார். யுவராணி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள்.

2006 மாசியில், மிஞ்சிய ஐந்து கட்டையிலிருந்து ஏழு குருத்துகள் வந்தன. விரல் பருமன் இருக்க வேண்டியவை, விளக்குமாற்று ஈர்க்குப் பருமன் இருந்தன.

"நுனி விரியுதுங்க. சாண் ஒசரத்துலயே அறுக்கணும், இல்லன்னா நாராயிடும்னு நீங்கதான சொல்வீங்க?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கட்டும். நாலு பேர் பாக்க வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் பார்த்தார்கள். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, நுனியில் பூனை வால் மாதிரி சிலிர்த்து நின்ற ஏழு குச்சிகளை. தட்சணாமூர்த்தி கத்தரிக்கோலால் அவற்றைச் சாஸ்திரோக்தமாக வெட்டினார். யுவராணி வெண்ணெயில் வதக்கி இலையில் வைத்தாள். ஆதிமூலம் ஒன்றை வாயில் போட்டு வெகு நேரம் மென்று, நாரை எடுத்து இலையோரம் மரியாதையாக ஒதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்குது. வேர் எப்பப்பா தர்ற?"

"அவசரப்படாதீங்க. அடுத்த வருஷம். மண்ணு இன்னும் பக்குவத்துக்கு வரணும்."

"ஒங்களுக்குக் குடுக்க வேரே கெடையாதுண்ணே," என்றாள் யுவராணி. வந்தவர்கள் முன்னால் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "பன்னண்டுல ஏழு செத்துப்போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. இவர் உப்பக் கொட்டினாரு, செத்துப்போச்சி. நீங்க நாளைக்கே ஏர் ஓட்டி மல்லாட்டையப் போடுங்க."

தட்சணாமூர்த்தி புத்தகத்தைத் தேடினார். ஆதிமூலம் எழுந்து கை கழுவிவிட்டு, வேட்டியில் துடைத்தபடி அவளைத்தான் பார்த்தார்.

"இத மார்கழியில சொல்லியிருந்தா ஒரு போகம் முழுசா எடுத்திருப்பேனேம்மா."

 பிந்தி விதைத்த ஆதிமூலத்துக்குப் பக்கத்து நிலத்தில் விளைந்ததில் பாதிதான் கிடைத்தது. யுவராணி செடியைப் பிடுங்கிப் போட்டு, மறுபடி ஏரிக்குக் கூடை எடுத்தாள். தட்சணாமூர்த்தியோ? டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்: "உப்பு நெலத்துல மல்லாட்டை வரும்னு ஆதிமூலத்துக்குச் சொன்னதே நாமதான்."

படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நடுவில் எங்கேயோ, குழியை இன்னும் ஓரடி ஆழமாக வெட்டி, கொஞ்சம் நிழல் பார்த்து வைத்திருந்தால் அந்த ஆஸ்பராகஸ் பிழைத்திருக்கும் என்று உங்களுக்குள் ஒரு யோசனை எழுந்ததா? எழுந்திருந்தால், புண்ணியமாய்ப் போகும், அதை ஆதிமூலத்திடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.