நாலு நிமிடத்தில் உட்காரவைக்கப்படும் பேத்தி குறித்து மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். மூவரில் இருவர் உங்கள் வீட்டில் இருக்க வேண்டியவர்கள் என்பதால், அங்கே தனியாக இருக்கும் உங்கள் நலத்தைச் சற்றுத் தயக்கத்தோடுதான் விசாரிக்கிறேன். விஷயம் சிதறாமலிருக்க முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. இதை நான் எழுத நேர்ந்த விதம்.
2. பேத்தி ஆடிய நிமிடங்கள்.
3. அவளை நீங்கள் வெளியே அழைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை என்பது.
4. வேண்டுகோள்.

முதலாவது. உங்கள் மனைவி, அதாவது என் மகள், பேத்தியோடும் பெட்டியோடும் இங்கே வந்து இன்றோடு ஒன்பது நாள். "பெத்த பொண்ணை பெஞ்சுல உக்கார வைக்கிற மனுஷனோட எனக்கென்ன பேச்சு? நீங்களே எழுதுங்கப்பா" என்று பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்துவிட்டாள். பேத்தியின் அணிக்கே கோச்சான உங்களைக் கேள்வி கேட்க நான் யார்? கூடைப்பந்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டை, கூடைக்கு அடி கிடையாது என்பதுதான். ஆனால் சனிக்கிழமை இறுதி ஆட்டத்தில் பேத்தி ஆடாவிட்டால் வீடு திரும்பப் போவதில்லை என்று மகள் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

இரண்டாவது. எடைக்கற்களைச் சரிபார்த்தே ஓய்வுபெற்ற எனக்கு எதையும் அளக்காமல் பேசிப் பழக்கமில்லை. மகளுக்கு ஆட்ட நேரத்தில் வேலை என்பதால், நான்தான் ஸ்டாப்வாட்ச்சோடு உங்கள் பெஞ்சுக்கு நேர் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்து நாலு மேட்ச் பார்த்தேன். பேத்தி ஆடியவை முறையே நாலு நிமிடம், மூன்றரை, மூன்று, இரண்டே கால். நம் கூடையிலேயே பந்தைப் போட்டு எதிரணிக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்த பெண்ணோ முப்பத்தொரு நிமிடம் ஆடினாள். அவளை நீங்கள் தட்டிக் கொடுத்ததையும் பார்த்தேன். நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மேட்சில் பேத்தி இருபத்தாறு நிமிடம் ஆடினாளாம். நான் அளக்காததால் அதைச் சேர்க்கவில்லை.

மூன்றாவது. காரணம் எதுவும் இல்லை. குழந்தை நன்றாக ஓடுகிறாள், நன்றாகத் தாவுகிறாள். பந்து கைக்கு வந்ததும் மட்டும் சட்டென்று கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கிறாள், அதற்குள் யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். சின்ன விஷயம். சொந்தப் பெண்ணுக்குச் சலுகை என்று ஊர் பேசுமே எனப் பயந்துதான் உட்காரவைக்கிறீர்கள் என்று உங்கள் மனைவி சொன்னாள், நானும் ஆமாம் போட்டேன்.

நான்காவது. சனிக்கிழமை ஒரு பத்து நிமிடம். முடியாவிட்டால் எட்டு. வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன், அந்த மூன்றரை நிமிடம் சரிதானா என்று பார்க்க, இன்னொரு பெண்ணின் அம்மா அனுப்பிய வீடியோவைப் போட்டோம். பேத்தியின் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் யாரோ ஒரு கிழவர் "பார்த்து, பார்த்தும்மா, பார்த்து" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். "யாருடி இந்த ஆளு, அறிவே இல்லாம?" என்றாள் மகள். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் வாழ்நாளில் குரலை உயர்த்தியதே இல்லை என்று இருவரிடமும் சொன்னேன். அதற்குள் வீடியோவில் கிழவர் இருமினார். அது என் இருமல்தான்.

"நீங்க பார்த்துன்னா நான் எங்கே பார்க்கிறது தாத்தா? உங்களைத்தான் பார்க்கிறேன்" என்றாள் பேத்தி. பிறகு அம்மாவிடம், "அப்பாவுக்குத் தெரியும்மா. தாத்தா மனசு கஷ்டப்படும், யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க" என்றாள்.

மகள் வீடியோவை நிறுத்தினாள். இப்போது பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இக்கடிதத்தை அவளே கொண்டுவந்து தருவாள். ஒன்பது நாள் நீங்கள் வாங்கிக்கொண்ட ஏச்செல்லாம் எனக்கு வர வேண்டியது. மூன்றாவதில் காரணம் எதுவும் இல்லை என்று எழுதியது தவறு. காரணத்துக்கு வயது எழுபத்து மூன்று. சனிக்கிழமை அது கடைசி வரிசையில் உட்காரும்.