பிளக் கம்பெனி மாப்பிள்ளை

நான்காவது ஒயரையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் கமலக்கண்ணனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. எந்த ஒயர் எந்தப் பிளக்கில் இருந்தது?

நான்கும் கறுப்பு. நான்கும் ஒரே தடிமன். நீளத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருந்திருக்கலாம். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை. ராத்திரி முழுக்க ஓசூரில் மூன்றாம் ஷிப்ட் பார்த்துவிட்டு, காலையில் கம்பெனி கேட்டை விட்டு வெளியே வந்து, குளித்தேன் என்று பேர் பண்ணிவிட்டு, மனைவி அனிதாவோடு பஸ் ஏறி, கிருஷ்ணகிரியில் இன்னொரு பஸ் மாறி, நாகரசம்பட்டியில் மாமனார் வீட்டு மாந்தோப்பில் வந்து இறங்கியவன். கண்ணில் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. காலுக்குக் கீழே தரை லேசாக மிதந்தது.

தோப்பு முழுக்கப் பூ. தேனீக்களின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் எல்லாப் பக்கமும் வந்துகொண்டிருந்தது. நடுவில் பெரிய மாமரத்தடியில் மாமனாரின் வெள்ளைப் பெட்ரோல் பிக்கப் வேன் நின்றது. டிரைவர் சீட்டை அப்படியே தூக்கி நிமிர்த்தினால் அடியில் எஞ்சின், அதன் தலையில் பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் நான்கு பிளக்.

"என்னா மாப்பிள்ள, நின்னுட்டீங்க?" என்றார் மாமனார் நாராயணப்பன்.

"ஒண்ணுமில்ல மாமா. யோசிக்கேன்."

"யோசிங்க, யோசிங்க. நிதானமா யோசிங்க. சென்றாயன் வர்றதுக்கு நாலு மணி ஆவும்."

சென்றாயன் குந்தாரப்பள்ளி காய்கறி வியாபாரி. பிக்கப்பை வாங்கிக்கொள்வதாகப் பேசி முடித்திருந்தான். பேசி முடித்தது நாராயணப்பன் அல்ல, மாமியார் நாகம்மா. அதற்கு அந்த அம்மாளிடம் நியாயம் இருந்தது. நாராயணப்பன் மதியம் சாப்பிட்டதும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினால் பொழுது சாய்ந்துதான் திறப்பார். நிற்கிற வண்டியில் தூங்கியவரை அந்த அம்மாள் பொறுத்துக்கொண்டாள். போன மாதம் சந்தையிலிருந்து திரும்பும்போது ஓடுகிற வண்டியிலும் தூங்கினார். வண்டி தானாகவே ரோட்டை விட்டு இறங்கி ஒரு தக்காளித் தோட்டத்துக்குள் போய் மெதுவாக நின்றது. தோட்டக்காரர் வந்து எழுப்பிய பிறகுதான் இவருக்கு விஷயம் தெரியும்.

"வண்டி இருந்தா ஒரு நாள் நேரா சாமிகிட்டயே ஓட்டிக்கினு பூடுவாரு" என்று நாகம்மா சொல்லிவிட்டாள். அப்புறம் அப்பீல் இல்லை.

நாராயணப்பன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் திடீரென்று தெளிந்துவிட்டார். "குடுத்துடலாம். ஆனா ஸ்டார்ட்டிங்கு கொஞ்சம் மக்கர் பண்ணுது. பிளக்கு மாத்தி நல்லபடியாக் குடுக்கணும். சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்ல?" என்றார். சொல்லிவிட்டு, கல்யாணமாகி மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தானே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

அந்தப் போன்தான் கமலக்கண்ணனைத் தூங்கவிடாமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. விருதுநகர்ப் பக்கத்துப் பையன், வேலைக்கு ஓசூர் வந்த இடத்தில் அனிதாவைப் பார்த்து, பிடித்து, கட்டிக்கொண்டவன். மாமனார் கல்யாணத்துக்குத் தடை சொல்லவில்லை. அதோடு சரி, வேறு எதுவும் சொல்லவில்லை. வந்தால் "வாங்க", போனால் "சரிங்க". மூன்று வருடமாக இந்த இரண்டே வார்த்தைதான். அந்த மனிதர் போனில், "மாப்பிள்ள, உங்களால எனக்கு ஒரு காரியம் ஆவணும்" என்றபோது கமலக்கண்ணன் என்ன காரியம் என்றுகூடக் கேட்காமல் சரியென்றுவிட்டான். இதை மட்டும் ஒழுங்காகச் செய்துவிட்டால் இந்த வீட்டில் அவனும் ஒரு ஆள். இதில் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் "வாங்க, சரிங்க"தான்.

சிக்கல் என்னவென்றால், அவன் வேலை செய்வது பிளக் கம்பெனியில். ராத்திரிக்கு நாலாயிரம் பிளக் அவன் கண் முன்னால் நகர்ந்து போகும். பூதக்கண்ணாடி வழியாக நுனியில் இடைவெளியைப் பார்ப்பான். சரியென்றால் விடுவான், இல்லையென்றால் சிவப்பு டப்பாவில் போடுவான். அதை எஞ்சினில் எங்கே மாட்டுவார்கள் என்று அவன் பார்த்ததே இல்லை. அவனுடைய சொந்த வண்டி பேட்டரி ஸ்கூட்டர். ஆனால் இந்த ஊரில் எல்லோருக்கும் அவன் எஞ்சின் இஞ்சினியர். அவனும் இத்தனை நாள் அதைத் திருத்தவில்லை. கேட்பதற்கு நன்றாகத்தானே இருந்தது!

"ஏங்க, உங்களுக்குத் தெரியுமில்ல?" அனிதா அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நாலு வருஷமா பிளக்கோடதான குடும்பம் நடத்துதேன்?"

"குடும்பம் என்கூட நடத்துறீங்க. அந்த லட்சணம் தெரிஞ்சதுனாலதான் கேக்கறேன்."

பிளக் ஸ்பேனரை இறக்கித் திருகினான். முதல் பிளக் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. அழுக்கைத் துடைத்ததும் வெள்ளைப் பீங்கான் பளிச்சென்று தெரிந்தது. கூட்டத்தில் சொந்த ஊர்க்காரனைக் கண்டதுபோல அவனுக்குக் கண் கலங்கியது. இத்தனை காலம் நீங்கள் எல்லோரும் இங்கேதான் வந்து சேர்கிறீர்களா என்று கேட்கத் தோன்றியது.

நான்காவது அசையவில்லை.

"கெட்டியாப் புடிச்சிருக்குது" என்றார் நாராயணப்பன். "இருங்க, வரேன்." ஓட்டமாகப் போய், போர்வெல்லுக்கு வாங்கியதில் மிச்சமாகக் கிடந்த மூன்றடி இரும்புக் குழாயைத் தோளில் சுமந்து வந்தார். "இத ஸ்பேனர்ல மாட்டி ஒரு அழுத்து அழுத்துங்க."

"உடைஞ்சிறாதா மாமா?"

"நீங்க கம்பெனிக்காரரு. உங்க கைக்குத் தெரியாததா?"

அந்த ஒரு வார்த்தையில் கமலக்கண்ணனுக்கு யானை பலம் வந்தது. ஒரு அழுத்து அழுத்தினான். 'டக்'கென்று சத்தம் கேட்டது. பீங்கான் தனியாக அவன் கைக்கு வந்தது. இரும்புப் பாகம் எஞ்சினிலேயே தங்கிவிட்டது.

கமலக்கண்ணன் அந்தப் பீங்கானை மாமனாரிடம் நீட்டினான்.

"அதனால என்னா?" என்றார் நாராயணப்பன். அவர் குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை. கமலக்கண்ணனுக்கு அதுதான் இன்னும் வலித்தது. தன் அப்பாவாக இருந்தால் இந்நேரம் அந்தக் குழாயாலேயே விரட்டியிருப்பார். "மத்த மூணு இருக்குதில்ல? மூணு காலு இருந்தா முக்காலி நிக்காதா?"

இந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. மெல்லிய, இனிய, தை மாதத்துக் காற்று. மரம் சிலிர்த்துக்கொண்டு பூவை உதிர்த்தது. தலையில், தோளில், மாமனார் துண்டில், நிமிர்த்தி வைத்த சீட்டில், பிளக் கழற்றிய மூன்று ஓட்டைகளிலும் மாம்பூ பொலபொலவென்று இறங்கியது. கமலக்கண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததால், ஓட்டையை மூட வேண்டும் என்று தோன்றவே அவனுக்கு நேரமாகிவிட்டது.

"ஐயையோ, உள்ள போயிருச்சு!"

"ஊதினா வந்துரும்" என்று நாராயணப்பன் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து நீட்டினார். கமலக்கண்ணன் முழு மூச்சாக அடித்தான். ஓட்டையின் வாயில் நின்றிருந்த பூவும் உள்ளே போய்விட்டது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஓசூரில் வாங்கி வந்த புதுப் பிளக் நான்கையும் துண்டின் மேல் வரிசையாக வைத்தான். வைத்ததுதான் தாமதம், அவன் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தான். கண்கள் கூர்மையாயின. இதுதான் அவனுக்குத் தெரிந்த இடம். ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்று சரி. இரண்டாவதில் இடைவெளி ஒரு தலைமுடி அளவு கூடுதல். வலது பக்கம் வீசி எறிந்தான். மூன்றாவது நுனியில் புள்ளி. அதையும் வீசினான். நான்காவது ஆணி கோணல் என்று அதையும் அனுப்பிவைத்தான். வீசிய மூன்றும் வரிசையாகப் போய்ப் பக்கத்திலிருந்த கிணற்றுக்குள் விழுந்து, ஒவ்வொன்றாகத் தண்ணீர்ச் சத்தம் வந்தது.

அங்கே சிவப்பு டப்பா இல்லை என்பது அவனுக்கு அப்புறம்தான் நினைவு வந்தது.

"என்னா மாப்பிள்ள, தூக்கிப் போட்டுட்டீங்க?"

"ரிஜெக்ட் மாமா" என்றான் ஈனக்குரலில்.

"தரம்னா அதான் தரம்!" நாராயணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் போயி வேற வாங்கியாரேன். நீங்க அது வரைக்கும் சித்த கண்ணசருங்க."

"வேண்டாம் மாமா, நேரமாச்சு. பேசாம ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுருவமா?"

நாராயணப்பன் நின்றார். முகம் சட்டென்று மாறியது. "மெக்கானிக்கா? எம்மாப்பிள்ள இருக்கச்சே இந்தத் தோப்புக்குள்ள மெக்கானிக்கு காலு வெக்கறதா? நான் உயிரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது."

கமலக்கண்ணனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தன்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த ஆளை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவனே வைத்ததில்லை.

மொபெட்டில் போன மாமனார் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது. இதற்குள் கமலக்கண்ணன் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து தூங்கிப்போனான். கனவில் நாலாயிரம் பிளக்குகள் மாம்பூவைச் சூடிக்கொண்டு நகர்ந்து போயின. ஒவ்வொன்றும் அவனைக் கடக்கும்போது, "வாங்க" என்றது. கடந்த பிறகு, "சரிங்க" என்றது. ஒன்றைக்கூட ரிஜெக்ட் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை.

விழித்தபோது மணி மூன்றரை. மாமனார் புதுப் பிளக்குகளை நீட்டினார். கழற்றியதைவிட ஒன்றரை மடங்கு நீளம்.

"இது டிராக்டர் பிளக்கா மாமா?"

"கடைக்காரன் இதான் பெஸ்ட்டுன்னான். பெருசா இருந்தா பவரும் பெருசா இருக்கும்."

அது ஓட்டைக்குச் சேரவில்லை. வேறு வழியில்லாமல் கையிலிருந்த நல்லது ஒன்றைப் போட்டான். மற்ற இரண்டு ஓட்டையில் பழைய பிளக்கையே துடைத்து மாட்டினான். உடைந்ததின் மேல் பீங்கானை உட்காரவைத்து, துணி சுற்றி, சாமியைக் கும்பிட்டான். ஒயர்களை ஒரு மாதிரி அழகு பார்த்துச் சொருகினான்.

சரியாக நாலு மணிக்குச் சென்றாயன் வந்தான். கூடவே நாகம்மாவும் அனிதாவும் வீட்டிலிருந்து வந்தார்கள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார், கேப்போம்" என்றான் சென்றாயன்.

கமலக்கண்ணன் வெளியே நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். வண்டி முனகியது. இருமியது. பெரிதாக ஒரு மூச்சை இழுத்து அடக்கி, யோசித்து, 'டமார்' என்று வெடித்தது. தோப்பிலிருந்த காக்கைகள் மொத்தமும் எழும்பின. துணி சுற்றிய பீங்கான் சீட்டைத் தாண்டிப் பறந்து போய்ச் சென்றாயன் காலடியில் விழுந்தது. கறுப்புப் புகையும், அதற்குப் பின்னால் கருகிய மாம்பூ வாசமும் வந்தன.

சென்றாயன் குனிந்து பீங்கானைப் பார்த்தான். நிமிர்ந்து நாகம்மாவைப் பார்த்தான். "நல்ல எடம், நல்ல மனுசருங்க. வண்டிதான் நமக்கு ராசி இல்லீங்க" என்று பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நாகம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

கமலக்கண்ணன் மாமனார் முன்னால் போய் நின்றான். முகமெல்லாம் கரி. "மாமா, நம்பிக் கூப்பிட்டீங்க. நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

"என்னா பேச்சு பேசறீங்க!" நாராயணப்பன் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. "எம்புள்ள இருந்தாக்கூட எனக்கு இப்பிடிச் செஞ்சிருக்க மாட்டான். இனிமே மாசத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்க. வந்து தங்கணும், ஆமா." கரியும் பூவும் ஒட்டிய மருமகன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தூக்கியிருந்த சீட்டை இறக்கிப் போட்டு, அதில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினார். இரண்டு நிமிடத்தில் சீரான குறட்டை வந்தது.

இவ்வளவு பெரிய மனசா ஒரு மனிதருக்கு! கமலக்கண்ணன் வேலி ஓரம் போய் நின்று மூக்கை உறிஞ்சினான். வெடிச்சத்தம் கேட்டு ரோட்டிலிருந்து ஒருவன் வேலி மேல் கையை வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க கிரீஸ். உள்ளூர் மெக்கானிக் முனிராஜ்.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன்" என்றான் கமலக்கண்ணன். மனசு தாங்கவில்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. "காலையிலேயே உங்களைக் கூப்பிட்டிருந்தா இந்நேரம் வண்டி போயிருக்கும்."

"என்னைய எங்க சார் வுட்டாரு உங்க மாமனாரு?" என்றான் முனிராஜ். "முந்தாநாளே பிளக்கு எடுத்துக்கினு வந்தேன். 'நீ தொட்டா ஓடிரும்டா, போயிரு, எம்மாப்பிள்ளைக்குப் போன் போட்டிருக்கறேன்'னு தொரத்தி வுட்டுட்டாரு!"