பரிமளராஜனுக்குப் பெண் கேட்கப் போன விவரம்

திருத்தணி,
வியாழக்கிழமை, காபிக்கு முன்.

என் உடன்பிறந்தாள் பெற்ற சிரஞ்சீவி நவீன்குமாருக்கு, தாய்மாமன் கஜபதி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை கன்னியம்மாளும், என் இடது முட்டி நீங்கலாக, க்ஷேமம். நீ சென்னையில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மலைமேல் இருப்பவரை வேண்டிக்கொள்கிறேன். நிற்க. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நீ நிர்வகிக்கும் இன்டர்நெட் விக்கியில் எழுதலாம் என்றால் என் கணக்கை நீயே முடக்கி வைத்திருக்கிறாய். ஆகவே பேனாவை எடுத்தேன். இது கூரியரில் வருகிறது. கூரியரை முடக்க எந்த நிர்வாகியாலும் முடியாது என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் பாட்டுக்கு மீட்டர் ரீடிங் எடுத்து ரிட்டயர் ஆகி, தினம் காலையில் குடும்ப குரூப்பில் ரோஜாப்பூ அனுப்பிக்கொண்டிருந்தவன். பொங்கலுக்கு வந்த நீதான், "மாமா, பூ அனுப்பறத நிறுத்துங்க, வேற வேலை குடுக்கறேன்" என்று சொல்லி என் போனைப் பிடுங்கி அந்த விக்கிக்குள் என்னைத் தள்ளிவிட்டாய். பூஞ்சேரிமேடு என்று ஒரு ஊர், அப்படி ஒரு ஊரே கிடையாது, ஆனால் ஊர் ஊராக இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அதற்குத் தெரு எழுதுகிறார்கள், கடை எழுதுகிறார்கள், மனுஷாள் எழுதுகிறார்கள், ஆளுக்கு ஒரு பக்கம். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இல்லாத ஊருக்கு வழி கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இல்லாத ஊருக்கு ரேஷன் கடை வைக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். ஆனாலும் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் நைனா. ரிட்டயர் ஆன பிறகு என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. உன் விக்கிதான் "நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"புதுப் பக்கம் தொடங்குவோர் கவனத்துக்கு" என்று நீ எழுதி வைத்திருக்கும் விதிகளை நான் படித்த மாதிரி வேறு யாராவது படித்திருப்பார்களா என்பது சந்தேகம். முதல் விதி, அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத் தொடங்கவும். நான் தணிகாசலம் என்று ஒரு ஆளை நினைத்து வைத்திருந்தேன். விதிப்படி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நடுவில் நின்று "தணிகாசலம்!" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். டீ மாஸ்டர் திரும்பினார், கண்டக்டர் திரும்பினார், திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் சீட் பிடித்தவர் பையோடு இறங்கி வந்து "இன்னாங்க?" என்றார். பஸ் போய்விட்டது. அவரைச் சமாதானம் செய்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, உலகத்தில் யாருக்கும் இல்லாத பெயராக பரிமளராஜன் என்று வைத்தேன். அதையும் மார்க்கெட்டில் கூப்பிட்டுப் பார்த்தேன், ஒரு மாடுகூடத் திரும்பவில்லை.

குறையே இல்லாத மனிதரை எழுதாதீர்கள் என்பது அடுத்த விதி. சரி, பரிமளராஜன் பெரிய உத்தியோகம், பூஞ்சேரிமேட்டில் மழை எந்தத் தெருவில் பெய்ய வேண்டும் என்று உத்தரவு போடும் அதிகாரி. குறை என்னவென்றால், அவனுடைய நிழல் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். அவன் வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகு தெருவில் அது மட்டும் தனியாக வந்துகொண்டிருக்கும். அப்புறம் படம். உங்களுக்கு உரிமை உள்ள படத்தை மட்டுமே போடவும் என்று எழுதியிருக்கிறாய். உன் காதுகுத்துக்கு உன்னை மடியில் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டவன் நான். இந்த உலகத்தில் எனக்கு உன் மேல் இருக்கிற உரிமை வேறு எதன் மேல் இருக்கிறது? உன் போட்டோவைத்தான் போட்டேன். நீலச் சட்டையில் லட்சணமாக இருக்கிறாய்.

இவ்வளவும் விதிப்படி செய்தவனுக்கு நீ என்ன செய்தாய்? மறுநாள் காலை பார்க்கிறேன், பரிமளராஜன் தலைக்கு மேல் "இது அநாதைப் பக்கம்" என்று ஒரு பலகை. வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லையாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் இணைப்பு வராவிட்டால் நீக்கப்படுமாம். நான் இருக்கும்போது அவன் எப்படிடா அநாதை? அந்த ஆத்திரத்தில்தான் அவனை பூஞ்சேரிமேட்டு மீன்கடைக்காரருடைய விக்கிப் பக்கத்தில் ஒன்றுவிட்ட தம்பி என்றும், போஸ்ட்மேன் பக்கத்தில் சித்தப்பா என்றும், தேர்முட்டி யானைப் பக்கத்தில் குடும்ப நண்பர் என்றும் எழுதினேன். பிறர் உருவாக்கிய பாத்திரத்தின் வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்று சொல்லி நீ எல்லாவற்றையும் அழித்து என்னையும் முடக்கினாய். நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒருத்தனுக்குச் சொந்தம் வேண்டும் என்றால் அதற்கு முறை ஒன்று இருக்கிறது, பெண் எடுக்க வேண்டும்.

பூஞ்சேரிமேட்டில் பூக்கட்டும் செண்பகவடிவு என்று ஒரு பெண் இருக்கிறாள், நீயும் படித்திருப்பாய். அவளை எழுதியது மோனிஷா, அரக்கோணத்துப் பெண், சென்னைக்கு தினம் ரயிலில் வேலைக்குப் போகிறவள். சம்மதம் கேட்க வேண்டும், சரி. வயசுப் பெண்ணிடம் நேராகப் போய் "உன் செண்பகவடிவை என் பையனுக்குக் கொடு" என்று நாம் கேட்போமா? நம் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டா? வீட்டுப் பெரியவர்களைத்தானே கேட்க வேண்டும். அவள் அப்பா சிங்காரம் ரயில்வேயில் இருக்கிறார், அவர் ஸ்கூட்டரை நம்ம மெக்கானிக் அதாவுல்லா பாய்தான் ரிப்பேர் பார்க்கிறார். பாயே வேனை எடுத்துக்கொண்டு வந்தார். "பொண்ணு கேக்கப் போறோம், கெளம்பு" என்றதும் உன் அத்தை பட்டுப்புடவை கட்டி, வெற்றிலை பாக்கு பூ பழம் எல்லாம் வைத்துத் தட்டோடு நின்றாள். யாருக்கு என்று அவள் கேட்டது வேனில் ஏறிய பிறகுதான். பரிமளராஜனுக்கு என்று சொல்லி போனைக் காட்டினேன். "இது நம்ம நவீன் இல்ல? ஜோசியர் சொல்லி பேரை மாத்திகினானா? எனக்கு ஒரு வார்த்தை சொன்னானா பாரு!" என்று அரக்கோணம் வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தாள்.

அங்கே போனபோது மோனிஷா வேலைக்குப் போயிருந்தாள். தட்டைப் பார்த்ததும் சிங்காரத்தின் சம்சாரம் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். சிங்காரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பையன் இன்னா வேலை பாக்கறாருங்க?" என்றார். பக்கத்தில் எழுதியிருப்பதைத்தானே நான் சொல்ல முடியும். "மழை எந்தத் தெருவுல பேயணும்னு முடிவு பண்றாருங்க" என்றேன். "கெஜட்டட் போஸ்ட்டுங்களா?" "ஆங், பச்சை இங்க்லதான் கையெழுத்து." "போஸ்டிங் எங்க?" "பூஞ்சேரிமேடு." "அது எந்தப் பக்கம்ங்க?" எனக்கே தெரியாது, பாய் பக்கம் திரும்பினேன். தெரியாது என்று எந்த ஊருக்கும் சொல்லிப் பழக்கமில்லாத அதாவுல்லா பாய், "பள்ளிப்பட்டு தாண்டி ஆந்திரா பார்டர்ங்க, ரோடு சொமாரா இருக்கும்" என்றார். மறைத்துப் பெண் எடுக்கக்கூடாது என்று நிழல் விஷயத்தையும் சொல்லிவிட்டேன், பையன் முன்னால போயிடுவான், நிழல் பின்னாடி ஆடி அசைஞ்சு வரும் என்று. சிங்காரத்தின் சம்சாரம் கொஞ்சமும் அசரவில்லை. "அதெல்லாம் ஒரு கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்ங்க, இவருக்குக்கூட மொதல்ல அப்டித்தான்" என்றார். அப்போதுதான் எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. இது கதைக் கல்யாணம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், கேசரி வந்தது. மறுபடி திறந்தேன், பஜ்ஜி வந்தது. மூன்றாவது முறை திறப்பதற்குள் உன் அத்தை, "வூட்ல கூப்டறது நவீனு, நல்ல பேரு பரிமளராஜன்" என்று சொல்லித் தட்டை மாற்றிவிட்டாள்.

ஆகவே விஷயம் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் உனக்கு நிச்சயதார்த்தம். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஆனந்தக் கண்ணீர் விட்டுவிட்டு ஜவுளிக்கடைக்குப் போயிருக்கிறாள். கோபப்படாமல் யோசித்துப் பார். நீ வராவிட்டால் சிங்காரம் முறுக்கிக்கொள்வார், அவர் முறுக்கிக்கொண்டால் செண்பகவடிவுக்குச் சம்மதம் கிடையாது, அது இல்லாவிட்டால் பரிமளராஜனுக்கு இணைப்பு கிடையாது, ஞாயிறு ராத்திரி நீயே அவனை நீக்கிவிடுவாய். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற நீ ஒரு தாலி கட்டக் கூடாதா? நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். மத்தியான ரயிலைப் பிடித்து நீலச் சட்டையோடு வந்து சேரவும். சட்டை மாறினால் அவர்களுக்கு அடையாளம் தெரியாது.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. எல்லா நன்மையும் பெற்று, விதிகள் எழுதும் கையால் சீக்கிரம் தாலியும் கட்டி நீ நூறாண்டு வாழ மாமா அத்தை இருவரின் ஆசீர்வாதம். அதாவுல்லா பாயும் சலாம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
கஜபதி.

பி.கு: கூரியர்காரர் வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். நேற்றே மோனிஷா எனக்கு போன் செய்திருந்தாள். "அங்கிள், உங்க பரிமளராஜனைப் பத்தி நான் ஒண்ணு எழுதணும், விதிப்படி உங்க சம்மதம் வேணும்" என்று எவ்வளவு மரியாதையாகக் கேட்டாள் தெரியுமா? "உன் இஷ்டம் போல எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டேன். இப்போதுதான் பார்க்கிறேன், "பரிமளராஜன் மறைவு" என்று புதுப் பக்கம். தன் தெருவுக்குத் தானே மழை உத்தரவு போட்டு, நின்று பார்த்து, இடி விழுந்து காலமானான். நிழல் வந்து சேர்ந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு விதிகூட மீறவில்லை, பொறாமையாக இருக்கிறது. மீன்கடைக்காரரிலிருந்து யானைவரை எல்லாருமே துக்கத்துக்கு வந்துவிட்டார்கள், எல்லாப் பக்கத்திலிருந்தும் அவனுக்கு இணைப்பு, நீயும் பலகையை எடுத்துவிட்டாய், மிக்க நன்றி. ஆனால் அவள் உன் போட்டோவுக்கு மாலை போட்டு, அதைத் தன் அப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறாள். சிங்காரம் என்னிடம் போனில் விக்கி விக்கி அழுதார். பையன் உயிரோடுதான் இருக்கிறான், சென்னையில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று எவ்வளவோ சொன்னேன். "இருக்கட்டுங்க, அதுக்காக தீட்டு இல்லைன்னு ஆயிடுமா? சாவு விழுந்த வூட்ல எப்டி நிச்சயம் பண்றது?" என்கிறார். நிச்சயதார்த்தம் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, நிச்சயத்துக்குப் பேசி வைத்த அதே வேனில் அவர்கள் குடும்பத்தோடு துக்கம் கேட்க வருகிறார்கள். நல்லதுக்கு வராவிட்டால் ஊர் விட்டுவிடும், கெட்டதுக்கு வராவிட்டால் விடாது. நீ தலைக்குக் குளித்துவிட்டு அவசியம் வந்து சேரவும்.