'பாதிரியாரின் கால்சட்டை' மலையும் மாண்பு மீட்புக் குழுவும்

மலைகளைப் படைத்தவர் ஆண்டவர். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அவற்றுக்குக் கௌரவமான பெயர் வைக்கும் பொறுப்பை அவர் ஏனோ கவனிக்காமல் விட்டுவிட்டார். அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே பூமியில் குழுக்கள் தோன்றின.

ஸ்காட்லாந்தில் கிர்க்டூலி கிராமத்தின் தலைக்குமேல் நிற்கும் மலைக்கு 'பாதிரியாரின் கால்சட்டை' என்று பெயர். அரசாங்க வரைபடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. நூற்றைம்பது வருஷமாக மலை அந்தப் பெயரோடு மழையில் நனைந்துகொண்டு, கொஞ்சமும் கூச்சப்படாமல் நின்றது. சுற்றுலாத் துறை புதிதாக ஒரு பெரிய பலகை வைக்கப்போகிறது என்று கடிதம் வந்த பிறகுதான், ஊர் இத்தனை காலமும் அவமானத்தில் வாழ்ந்திருக்கிறது என்பதை ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் திரு. ஃபார்குவர் லென்னி கண்டுபிடித்தார். ஒரே வாரத்தில் 'மலைப்பெயர் மாண்பு மீட்புக் குழு' அமைந்தது. ஏழு பேர். தலைவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழு ஊர் மன்றத்தில் கூடியது. மன்றத்தைத் திறப்பதும், பெருக்குவதும், கூட்டம் நடந்தால் தேநீரும் ஓட்ஸ் ரொட்டியும் கொடுப்பதும் மிஸ் எல்ஸ்பெத் கெடெஸின் வேலை. அறுபத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவாள், யாரையும் குறை சொல்ல மாட்டாள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஊரில் அறிந்தவள் அவள் ஒருத்திதான். அதை வெளியே சொல்லாமலிருப்பது அவள் குடும்ப வழக்கம். அவளுக்குப் பின் சொல்ல ஆள் இல்லை.

முதல் இரண்டு கூட்டங்களில் குழு பெயரின் தோற்றத்தை 'ஆராய்ந்தது'. தெற்கிலிருந்து பார்த்தால் மலை இரண்டு கால்களாகப் பிரிந்து தெரியும் என்றார் ஒரு கர்னல். தெற்கே எப்போதும் மூடுபனி. அங்கிருந்து அந்த மலையைப் பார்த்தவர் இல்லை. ஆகவே அதை மறுக்கவும் ஆள் இல்லை. பழைய போர் ஒன்றில் எதிரிகள் கால்சட்டையை விட்டுவிட்டு ஓடினார்கள் என்றார் பள்ளிக்கூடத்தின் முன்னாள் சரித்திர ஆசிரியர். எந்தப் போர் என்று கேட்டதற்கு, அதைத் துணைக்குழு தீர்மானிக்கும் என்று பதில் வந்தது.

மூன்றாவது கூட்டத்தில் புதுப்பெயர் முடிவாயிற்று: 'கழுகின் மணிமுடி'. அந்த வட்டாரத்தில் கழுகே கிடையாது என்று ஓர் உறுப்பினர் நினைவூட்டினார். பெயர் கௌரவமாக இருந்தால் அவை தாமாக வரும் என்று தலைவர் விளக்கினார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

எல்ஸ்பெத் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரும் போய்விட்டால், அந்தப் பாதிரியார் வாழ்ந்ததற்கு உலகத்தில் வேறு அடையாளமே இருக்காது. பெயர் நிற்க வேண்டுமானால் அவள் வாயைத் திறக்க வேண்டும்; திறந்தால் கெடெஸ் குடும்பம் நாலு தலைமுறையாகப் பொத்தி வைத்த வெட்கம் வெளியே வரும். மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் சொன்னாள். நிகழ்ச்சி நிரலில் 'இதர விஷயங்கள்' என்ற இடம் வந்ததும், பேசலாமா என்று கேட்டாள். சர்க்கரை தீர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்துத் தலைவர் அனுமதித்தார்.

"அது யாரோட கால்சட்டைன்னு எல்லாருக்கும் தெரியும் சார்," என்றாள். "அதை யாரு போட்டுக்கிட்டுப் போனாங்கன்னு எனக்குத் தெரியும்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா ஹெக்டர் கெடெஸ் உழவுக் கூலி. ஒரு நவம்பரில், பண்ணைக்காரர்கள் ஆள் பிடிக்கும் சந்தைக்கு மலை தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டியிருந்தது ஒரு சாக்கு. அந்தக் கோலத்தில் போய் நின்றால் யாரும் வேலை தர மாட்டார்கள். வேலை இல்லாவிட்டால் அந்தக் குளிர்காலத்தில் வீட்டில் கஞ்சி இல்லை. எதிரே பாதிரியார் வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பாறைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது கால்சட்டை கையில் இருந்தது.

பாதிரியார் நீண்ட மேலங்கியோடு ஊருக்குள் இறங்கினார். அங்கியைக் காற்று தூக்கியது. ஊர் பார்த்தது. ஆலய மூப்பர்கள் கூடி விசாரித்தபோது, "இப்ப அது எங்கிட்ட இல்ல," என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷம், சாகும்வரை, அந்தக் கேள்விக்கு அவருடைய பதில் அவ்வளவுதான்.

"சாக்கு கட்டிக்கிட்டுப் போனதெல்லாம் பெரிய வெக்கமில்ல சார்," என்றாள் எல்ஸ்பெத். "ஊரே சிரிச்சப்ப எங்க ஹெக்டரும் கூட நின்னு சிரிச்சாரு. தன்மேல சந்தேகம் வந்துடக் கூடாதுன்னு எல்லாரையும்விடச் சத்தமா சிரிச்சாரு. மலைக்கு அந்தப் பேரை வெச்சதே அவருதான். அவரு கேலி பண்றது பாதிரியாருக்குத் தெரியும். அப்பவும் அவரைக் காட்டிக் கொடுக்கல."

கர்னல் மூக்கைச் சிந்தினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்களும் மனிதர்கள்தானே. கழுகுகள் ஏகமனதாக ரத்து செய்யப்பட்டன. பழைய பெயரே நிலைக்கும் என்று முடிவாயிற்று. எல்ஸ்பெத் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: பலகையில் பாதிரியார் செய்ததை எழுதுங்கள்; வாங்கிக்கொண்டவர் யார் என்பது மட்டும் இந்த அறையோடு போகட்டும். பாதிரியாரே மறைத்த பெயரை நாம் வெளியே விடக் கூடாது.

"இந்தக் குழு கல்லறை மாதிரி மிஸ் கெடெஸ். ஒரு வார்த்தை வெளிய போகாது," என்றார் தலைவர். வெறும் வாய்வார்த்தையாக விடாமல், அதையும் தீர்மானமாகவே நிறைவேற்றினார்.

குழுவின் செயலாளர் திரு. நினியன் ராத்ரே முப்பது வருஷமாக ஒரு காற்புள்ளிகூடத் தவறவிடாதவர். விதிப்படி மறுநாள் காலையிலேயே தீர்மானங்களைத் தட்டச்சு செய்து மன்றத்தின் கதவில் ஒட்டினார். ஒரு நகலை வட்டார வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். பெருக்க வந்த எல்ஸ்பெத் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே படித்தாள்.

'தீர்மானம் 7: மிஸ் எல்ஸ்பெத் கெடெஸின் கொள்ளுத்தாத்தா ஹெக்டர் கெடெஸ் (உழவுக் கூலி) கால்சட்டை இல்லாதிருந்தவர் என்பதும், தமக்கு அதை அளித்தவரையே கேலி செய்தவர் என்பதும் எக்காரணம் கொண்டும் வெளியே தெரியக் கூடாது என ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.'

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனாலும் பால் வாங்க வேண்டும். டூகலின் கடைக்குப் போனாள். அங்கே மூன்று பேர் நின்றிருந்தார்கள். மூவருமே மன்றத்தைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். ஒருத்தி அவளுடைய முட்டைக்கோஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இன்னொருவர் பால் குப்பியை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்து கொடுத்தார். வேறு பேச்சே இல்லை. அவள் திரும்பி வரும்போது கதவில் காகிதம் இல்லை. ராத்ரே மறுபடி ஒட்டினார். மதியம் அதுவும் காணோம். சாயங்காலம் மூன்றாவது.

வியாழக்கிழமை பத்திரிகை வரும் நாள். எல்ஸ்பெத் கடைக்குப் போனாள்.

"பேப்பர் கட்டு முழுக்க நனஞ்சுபோச்சுக்கா," என்றான் டூகல். "ஒண்ணும் விக்கிற மாதிரி இல்ல."

அந்த வாரம் முழுக்க மழையே பெய்யவில்லை. கிர்க்டூலியில் அதுவே ஒரு செய்தி. கடைக்குப் பின்னால் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது.

"நீ படிச்சியா டூகல்?"

"நனஞ்சதப் போய் யாருக்கா படிப்பா? இந்தா, மீதிச் சில்லறை."

அவனிடம் யாரும் பத்திரிகை கேட்கவில்லை. இதற்காக ஊரில் எந்தக் கூட்டமும் நடக்கவில்லை. யாரும் முன்மொழியவில்லை, யாரும் வழிமொழியவில்லை. ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான். எல்ஸ்பெத் வீட்டுக்குப் போய் அடுப்பங்கரையில் முழங்காலிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

அடுத்த மாதம் குழு கூடியது. ஹெக்டர் கெடெஸைப் பற்றி ஊரில் ஒருவர்கூட மூச்சுவிடவில்லை என்பதைத் தலைவர் பெருமையோடு சுட்டிக்காட்டினார். ஏழாம் தீர்மானம் எவ்வளவு வலிமையானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம் என்றார். 'ஹெக்டர் கெடெஸ் கால்சட்டை இல்லாதிருந்த இரகசியத்தைக் கட்டிக்காத்தமைக்காக' குழு தன்னைத்தானே பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. ராத்ரே அதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுக் கதவில் மாட்டினார். முன் அனுபவத்தை உத்தேசித்து, இந்த முறை கண்ணாடிச் சட்டத்துக்குள், பூட்டோடு.

அதன் கீழே ஏழு உறுப்பினர்களின் பெயர்களும் பதவிகளோடும் பட்டங்களோடும் வரிசையாக இருந்தன. அந்தப் பாதிரியாரின் பெயர் என்ன என்று மட்டும் நாலு கூட்டங்களிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.