முதல்வரி அண்ணாச்சி

பாபநாசத்தில் தொடங்கி ஆறு கடலில் சேரும் இடம் வரைக்கும், கம்பைலர் பேச்சுக்கு மரியாதை கொடுத்த ஒரே மனிதர் முதல்வரி அண்ணாச்சிதான். எழுதின புரோகிராமைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றித் தருவது கம்பைலர். தப்பு இருந்தால் மாற்றாது, பிழைப்பட்டியலை நீட்டும்.

தச்சநல்லூரில் மாவுமில்லுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. முதல் நாளே இருநூற்றுப் பதினாலு பிழை வந்தது. பதறிப்போய் எல்லாவற்றையும் அழிக்கப் போனேன். அண்ணாச்சி கீபோர்டைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அது உன்னைய வையலலே, சொல்லுது. முத வரிய மட்டும் பைய வாசி."

எண்பத்தெட்டாம் வரியில் தப்பு என்றிருந்தது. அந்த வரியிலோ ஒரு குறையும் இல்லை.

"அது விழுந்த எடம்லே. தடுக்குன கல்லு மேல கெடக்கும்."

மேல்வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைக்காமல் விட்டிருந்தேன். வைத்தேன். இருநூற்றுப் பதினாலும் போய்விட்டது.

உடனே அண்ணாச்சி புதிதாகப் பிள்ளையார் சுழி போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து, அந்தப் பிழையை எழுத்து மாறாமல் எழுதினார். பிழைக்கு எதிரே, அதைச் செய்தவர் பெயரும் எழுதுவாராம். நோட்டு அவர் மேசைக்குள் பூட்டியே இருக்கும்.

முதல்வரிப் பழக்கம் அவரை ஆபீசோடு விடவில்லை. காய்ச்சலோடு டாக்டரிடம் போனவர், முதலில் வந்த தும்மலை மட்டும் சொல்லிவிட்டு வந்தார். மிச்சமெல்லாம் அதிலிருந்து வந்ததுதானாம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஆறு மாதம் முடிந்தது. பிழை நோட்டைப் பார்த்துத்தான் என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்யப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். நான் செய்த தப்புகள் எனக்குத் தெரியும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி நின்றேன்.

முதலாளி பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இவன் பேரையே காணோம். பாதி நோட்டும் ஒங்க பேரால்லா இருக்கு, அண்ணாச்சி?"

"வயசாயிட்டுல்லா," என்றார் அண்ணாச்சி. "அரைப்புள்ளி மறந்துபோவுது."

எனக்கு வேலை நிரந்தரமானது. அவருக்குக் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி உத்தரவானது. மறுபேச்சில்லாமல் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு மேசைமேல் கிடந்த நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். எண்பத்தெட்டாம் வரிப் பிழைக்கு எதிரேயும் அவர் பெயர்தான். அதை எழுதியபோது என்னைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. கம்பைலர் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாத அந்த மனுஷன், எனக்காகப் பெயரையே மாற்றியிருக்கிறார்.