ஒரு சொட்டு சிந்தவில்லை

முத்துமணியின் தங்கை ராயகிரியில் வீடு கட்டியிருந்தாள். மறுநாள் பால்காய்ப்பு. காரில் போவது முடிவாகிவிட்டது. யார் ஓட்டுவது என்பதுதான் முடிவாகவில்லை.

நியாயம் முத்துமணி பக்கம் இருந்தது. லைசென்ஸுக்கு அவள் முதல் தடவையிலேயே தேறியவள். அவள் புருஷன் காளிராஜ் ரிவர்ஸ் எடுத்து ஒரு கம்பத்தைச் சாய்த்துவிட்டு, இரண்டாம் தடவை தேறியவன். ஆனால் சாவி அவன் பக்கம் இருந்தது.

கார் பழையது. பெயிண்ட் புதிது. தக்காளிச் சிவப்பு. அதன் மேல் காக்கை உட்கார்ந்தால் அவனுக்கு நெஞ்சு வலிக்கும்.

"உன் கையில குடுத்தா பெயிண்ட் தாங்காதுட்டி."

"உங்க கையில தாங்குமாக்கும்?"

"என் கையால இந்த வண்டியில ஒரு பொட்டுப் பெயிண்ட் போகட்டும். சாவி உனக்கு. ஏலே ரசூலு, நீதான் சாட்சி."

பக்கத்து வீட்டு ரசூல் மதில் மேல் முழங்கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். கடையநல்லூர்க்காரன். லீவில் வளைகுடாவிலிருந்து வந்தவன். பொழுதுபோக்கு வேறு இல்லை. "சாட்சிதான் அண்ணாச்சி" என்றான் உற்சாகமாக.

ராயகிரிக்குக் கிளம்புமுன் பிரேக் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் சிந்திவிடுவார்கள். ஆகவே காளிராஜ் வீடியோ பார்த்துத் தானே இறங்கினான். எந்த வீடியோவையும் 'பெல் பட்டனை அமுக்குங்க' என்ற இடத்தில் நிறுத்திவிடுவது அவன் வழக்கம். அதற்குப் பிறகு வருவது யாசகம் என்பது அவன் கருத்து.

பானெட்டைத் திறந்தான். சுற்றிலும் பாலிதீன் ஷீட். அதன் மேல் முத்துமணியின் இரண்டு நைட்டிகள், அதற்கும் மேல் மழைக்கோட்டு. காரின் முன்பக்கம் பிரசவ வார்டு மாதிரி ஆகிவிட்டது. முத்துமணி கையில் ஒரு மக்குத் தண்ணீர்.

"இது எண்ணெய் இல்லட்டி. பெயிண்டைத் தின்னுரும். சொட்டு விழுந்தா தொடைக்கக் கூடாது, தண்ணிய ஊத்தணும். ஆனா நான் சொன்னாத்தான் ஊத்தணும்."

"சரி. கைக்கு ஒண்ணும் மாட்டலியா?"

"கைக்கு என்ன பெயிண்டா அடிச்சிருக்கு? பேசாம நில்லு."

அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டியின் பிரேக் டப்பாவிலிருந்த பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தான். புதியதை ஊற்றினான். சிரிஞ்சு நுனியில் தொங்கிய சொட்டுகளைக்கூடக் கீழே விடவில்லை. இடது உள்ளங்கையைக் குழித்து, கோயில் தீர்த்தம் மாதிரி ஏந்திக்கொண்டான். மூடியைத் திருகினான். போர்வைகளை உருவினான். வலது கையால் பானெட்டை இறக்கிவிட்டுத் தெருவே திரும்பும்படி கத்தினான்.

"ஒரு சொட்டு சிந்தல! ரசூலு, பாத்தியா? ஒரு சொட்டு!"

"மாஷா அல்லாஹ்! ஆபரேஷன் சக்சஸ் அண்ணாச்சி!"

முத்துமணி மக்கைக் கீழே வைத்தாள். போனை எடுத்தாள்.

"அப்படியே நில்லுங்க. ஒரு போட்டோ. தங்கச்சி வீட்டு குரூப்புல போடணும்."

காளிராஜுக்கு உச்சி குளிர்ந்தது. அவள் அவனைப் பெருமையாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"வலது கையால மீசைய முறுக்குங்க. இடது கைய பானெட் மேல வையுங்க. நல்லா விரிச்சு."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் அமுக்கி. ஆங்... சிரிங்க. ஐயோ, வெயில் அடிக்கு. இன்னொண்ணு எடுக்கேன். கைய எடுத்துராதிய!"

எடுக்கவில்லை. மீசை வலித்தது, அப்போதும் எடுக்கவில்லை.

"போதும். உள்ள வாங்க, டீ போடுதேன்."

அன்று டீ மிக மெதுவாகக் கொதித்தது. குடித்து முடித்து வெளியே வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். தக்காளிச் சிவப்பின் நடுவில் ஐந்து விரல்கள். பெயிண்ட் பாலாடை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது. தொட்டான். விரலோடு வந்தது.

ரசூலைக் காணவில்லை. காளிராஜ் ஓடிப்போய்ப் பூஜை அலமாரியில் இருந்த கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை எடுத்து வந்தான். சொறி சிரங்குக்கே கேட்கிற மண். பெயிண்டுக்குக் கேட்காதா? தண்ணீர்விட்டுக் குழைத்துப் பூசினான்.

"என்ன, வண்டிக்குப் பத்துப் போடுதிய?"

முத்துமணி.

"இல்லட்டி... நாளைக்கு நல்ல காரியத்துக்குப் போறோம். திருஷ்டி படக்கூடாதுல்லா."

"இப்ப ஊத்தலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் மக்குத் தண்ணீரை ஊற்றினாள். மண் கரைந்து ஓடியது. கை ஓடவில்லை.

"யாரு கை இது?"

"எந்தப் பயலோ ரோட்டுல போறவன்..."

போனை நீட்டினாள். படத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு அவன் சிரித்தான். இடது கை அதே இடத்தில். கீழே ராயகிரியிலிருந்து பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள்.

மதிலுக்கு மேல் ரசூலின் தலை எழும்பியது. "சாட்சி சொல்லணுமா அண்ணாச்சி?"

"தேவையில்லை" என்றான் காளிராஜ். முத்துமணியிடம் குரலை இறக்கினான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அதே வீடியோதான். நீங்க பாதியில நிறுத்திருவிய. வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கழுவாம வண்டியத் தொடக்கூடாதுன்னு கடைசியில சொல்லுதான்."

மறுநாள் காலையில் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். காளிராஜ் சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறக்கப் போனான். கண்ணாடி இறங்கியது.

"கையக் கழுவிட்டு ஏறுங்க."