ஒரு குழாய்கூட உறையக் கூடாது

வண்டிக்கு அடியில் பனியில் மல்லாந்து கிடந்த ஒரிசியாவின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. காபிக் கோப்பையோடு குனிந்து பார்த்த அவள் கணவன் தாராஸின் குரலில் கவலை இல்லை, ஆசைதான் இருந்தது.

"உறைஞ்சிருச்சா?"

"வாயைக் கழுவு. உறையல."

"கை வெறைச்சுப் போயிரும்டி, பாத்து."

"போகட்டும். கை என்னோடது. குழாய்தான் முக்கியம்."

தங்கள் ஊரான டாஃபினிலிருந்து வடக்கே, ஃப்ளின் ஃப்ளானில் இருக்கும் மகள் ஹாலியாவின் வீட்டுக்கு, பழைய நாட்காட்டிப்படி ஜனவரியில் வரும் கிறிஸ்துமஸுக்காக ஒரிசியா பிடிவாதமாக ஓட்டிக்கொண்டு வந்த வீட்டு வண்டி அது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. முப்பது வருஷம் பள்ளிப் பேருந்தை ஒரே பாதையில் ஓட்டி, ஊரார் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓய்ந்தவள், சேமிப்பைக் கொட்டி வாங்கியது. ஒரு தடவையாவது இதில் மேற்குக் கடல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. தாராஸுக்கோ அதை விற்று ஒரு பனி ஸ்கூட்டர் வாங்க வேண்டும். அவனுடைய சித்தப்பா மகன் ஓரஸ்ட் பணத்தோடு தயாராக இருந்தான்.

விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். இந்தக் குளிர்காலப் பயணத்தில் வண்டியின் ஒரு குழாய் உறைந்தாலும் வண்டி ஓரஸ்டுக்கு. உறையாவிட்டால் அந்தப் பேச்சையே தாராஸ் எடுக்கக் கூடாது.

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. துப்பினால் தரையில் விழும்போது சத்தம் கேட்கும்.

வண்டிக்கு அடியிலிருந்து ஒரிசியா தவழ்ந்து வெளியே வந்தாள். மகள் வீட்டு நிலவறையிலிருந்து வண்டிக்கு வரும் தண்ணீர்க் குழாயைச் சுற்றி, மின்சாரத்தில் சூடாகும் ஒயர் ஒன்றை நெருக்கமாகச் சுற்றியிருந்தாள்.

"இந்த ஒயரை எங்க பிடிச்ச?" என்றான் தாராஸ்.

"நம்ம வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில எதையோ சுத்திக் கிடந்தது. நீ மாட்டிட்டு மறந்துபோன சாமான்ல ஒண்ணு."

"நான் எதை மாட்டினேன்?"

"பாத்தியா, உனக்கே தெரியல."

பிளக்கைச் செருகினாள். ஒயர் சூடானது. அதே நொடியில் மகள் வீடு முழுக்க இருண்டது.

"அம்மா!" ஹாலியா கையில் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். "ஃபியூஸ் போயிருச்சு! கரண்ட் அடுப்புல முட்டைக்கோஸ் உருண்டை பாதி வெந்து நிக்குது. பண்டிகை விருந்துக்குப் பன்னெண்டு பதார்த்தம் பண்ணணும் நான். ஒண்ணு உன் ஒயர், இல்ல என் அடுப்பு. நீயே சொல்லு."

"அடுப்பு எரியற நேரத்துல ஒயரைக் கழட்டிடறேன்டா கண்ணு."

"அப்ப அந்த நேரத்துல உறைஞ்சிரும்ல?" தாராஸ் ஆவலோடு கேட்டான்.

"நீ போய் உக்காரு மனுஷா."

பகலுக்கு வேறு வழி பார்த்தாள். வண்டியின் அடிவயிற்றில் காற்று புகாமல் இருந்தாலே பாதி குளிர் போய்விடும். மாதாகோயில் கூடத்தில் குடில் கட்ட வந்திருந்த புல்கட்டுகளில் மீந்தவற்றைப் பாதிரியாரிடம் கெஞ்சி வாங்கிவந்து, வண்டியைச் சுற்றிச் சுவர் போல அடுக்கினாள். இடுக்கில் ஸ்பாஞ்சைத் திணித்தாள். உள்ளே பிறந்த குழந்தை படுக்கலாம், அவ்வளவு கதகதப்பு.

மறுநாள் காலை வண்டி குலுங்கியது.

"பூகம்பமா?" என்று எழுந்த தாராஸ், ஜன்னல் பனியைச் சுரண்டிப் பார்த்தான். "ஒரிசியா, உனக்கு விருந்தாளி வந்திருக்காங்க."

காட்டுக்குள் சொல்லியனுப்பியதைப் போல மான் கூட்டம். குடும்பம் குட்டியோடு நின்று தெற்குச் சுவரைத் தின்று முடித்து, கிழக்குச் சுவரில் கைவைத்திருந்தன. ஒன்று ஸ்பாஞ்சைக்கூட இழுத்து மென்று பார்த்தது.

"அட நாசமாப் போறதுகளா!" ஒரிசியா துடைப்பத்தோடு இறங்கினாள். மான்கள் நாலு அடி தள்ளி நின்று, அவள் உள்ளே போவதற்காகக் காத்திருந்தன.

"அதுங்களுக்கும் கிறிஸ்துமஸ்தானே," என்றான் தாராஸ். "ஓரஸ்டுக்கு ஒரு போன் போடட்டுமா?"

"போட்ட, உன் விரலை உடைப்பேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணீரும் உறையும் ஊர் என்பதால் அடக்கிக்கொண்டாள். மேற்குக் கடல் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் விடுகிற ஜாதி இல்லை அவள்.

"ஓடற தண்ணி உறையாது," என்று சொல்லிச் சமையல் குழாயை நூல் போல ஒழுகவிட்டாள். சூடு படட்டும் என்று பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவுகளையும் திறந்து வைத்தாள். ஹீட்டரை முழுசாகத் திருப்பினாள்.

போகும்போதும் வரும்போதும் தாராஸின் முட்டி கதவில் இடித்தது. "ஆள் இல்லாத வீட்டுக்கு எதுக்குச் சூடுன்னு வீட்டு ஹீட்டரை அடியோட குறைச்சு வச்சுட்டு வந்தேன்," என்று முட்டியைத் தேய்த்துக்கொண்டே புலம்பினான். "அங்க மிச்சம் பிடிச்ச கேஸை எல்லாம் இங்க உன் வண்டி குடிச்சுத் தீர்க்குது."

"புலம்பாத. பனி ஸ்கூட்டர் மட்டும் காத்தைக் குடிச்சா ஓடும்?"

சாயங்காலம் மகள் வீட்டில் ஒரிசியா மீனுக்கு மாவு தடவிவிட்டுத் திரும்பியபோது, வண்டிக்குள் சலசலவென்று சத்தம். ஒழுகவிட்ட தண்ணீர் போய்ச் சேரும் அழுக்குத் தொட்டி நிரம்பி, குளியலறைத் துவாரம் வழியாகப் பொங்கி மேலே வந்திருந்தது. அங்கேதான் தாராஸின் கம்பளி பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தன. இப்போது நீந்திக்கொண்டிருந்தன.

அவன் பார்ப்பதற்குள் தண்ணீர் வடியட்டும் என்று அவற்றை எடுத்து வாசற்படியில் வைத்தாள். உள்ளே போய்த் தரையைத் துடைத்துவிட்டு வந்து தொட்டால், இரண்டும் விறகுக்கட்டை.

"உறைஞ்சிருச்சு!" தாராஸ் துள்ளினான். "ஒத்துக்கோ!"

"உறைஞ்சது பூட்ஸ். ஒப்பந்தம் குழாயைப் பத்தி."

அன்று மாதாகோயிலுக்குத் தாராஸ் மகளின் ரோஜா நிறச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். பாதிரியார் பார்க்காத மாதிரி நடித்தார்.

விருந்து முடிந்த மறுநாள் விடிந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் கடைசிச் சோதனை. ஹாலியாவைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு, ஒரிசியா குழாயை முழுசாகத் திறந்தாள். குழாய் ஒரு தடவை இருமியது. ஒன்றும் வரவில்லை.

தாராஸ் மெல்லச் சிரித்தான். ஒரிசியா கண்ணை மூடிக்கொண்டாள்.

குழாய் இன்னொரு தடவை இருமி, கனைத்து, சளசளவென்று கொட்டியது.

"அம்மா!" ஹாலியா கட்டிக்கொண்டாள். ஒரிசியா இந்தத் தடவை அடக்கவில்லை, வாய்விட்டு அழுதாள். அந்தத் தண்ணீரிலேயே தேநீர் போட்டு முதல் கோப்பையைத் தோற்றவனிடம் நீட்டினாள்.

தாராஸ் பேச்சு மாறாதவன். அங்கேயே ஓரஸ்டை அழைத்து, "வண்டி விக்கிறதுக்கு இல்லப்பா," என்று சொல்லி வைத்தான். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, கடலுக்கு எப்பக் கிளம்பணும்?" என்றான்.

"பனி விட்டதும். அது வரைக்கும் நம்ம வீட்டுல சொகமா இரு," என்றாள் ஒரிசியா.

போனைப் பைக்குள் வைப்பதற்குள் அது அடித்தது. டாஃபினில் பக்கத்து வீட்டு நெஸ்தர். அவர்கள் வீட்டுப் பூனைக்குச் சாப்பாடு போட ஒத்துக்கொண்டவன். கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று தாராஸ் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"யோவ் தாராஸ், பூனை என்கிட்ட பத்திரமா இருக்கு," என்றான் நெஸ்தர். "ஆனா உங்க படிக்கட்டுக்கு அடியில போற குழாயைச் சுத்தியிருந்த சூட்டு ஒயரை எவனோ திருடிட்டுப் போயிட்டான், குழாய் உறைஞ்சு வெடிச்சு வீடு முழுக்கப் பனிக்கட்டி, அதனால அந்த வண்டியை மட்டும் வித்துராதீங்க, கோடை வரைக்கும் உங்களுக்கு அதுதான் வீடு!"